அப்ரூவல் சாம்பிள்

மேசைமேல் இரண்டு டம்ளர் டீ ஆறிக்கொண்டிருந்தது. ஜெபக்குமாருக்கோ உச்சந்தலை கொதித்துக்கொண்டிருந்தது.

"ஏன் தொடமாட்டேங்கிய? டம்ளரு சரியில்லையா? நல்லா வெளக்குனதுதான்."

எதிரே, அந்த வீட்டில் இருந்த இரண்டே நாற்காலிகளையும் பிடித்துக்கொண்டு, வெள்ளைச் சட்டையும் கறுப்பு டையுமாக இரண்டு பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் வெள்ளைக்காரன். சட்டைப் பையில் மாட்டியிருந்த கறுப்பு வில்லையில் 'எல்டர் ஓல்சன்' என்று இருந்தது. மற்றவன் ராஜமந்திரிக்காரன், எல்டர் பிரசாத். கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார்கள்.

"மன்னியுங்கள், சகோதரரே. நாங்கள் தேநீர் அருந்துவதில்லை," என்றான் ஓல்சன், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து.

"காப்பி?"

"காப்பியும் அருந்துவதில்லை."

"பின்ன என்னத்தத்தான் குடிப்பிய?"

"தண்ணீர், சகோதரரே."

திருப்பூரில் டீ குடிக்காமல் ஒரு மெஷின் ஓடாது. அந்த ஊரில் இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, மனைவி கிரேனாப் இஞ்சி தட்டிப் போட்ட டீயைத் தள்ளிவைக்க இவன்கள் யார்? ஜெபக்குமார் திரும்பி சுடலையை முறைத்தார். இவன்களைக் கூட்டிவந்த புண்ணியவான் அவர்தான்.

சுடலை, ஜெபக்குமாரின் அத்தை மகன். மூன்று வயது மூத்தவர். ஜெபக்குமாரின் அப்பா ஊரில் கிறிஸ்தவரானபோது அத்தை குடும்பம் மட்டும் ஆகவில்லை. ஆனாலும் உறவு விட்டுப்போகவில்லை. ஜெபக்குமார் திருப்பூருக்கு வந்ததும் சுடலையும் பின்னாலேயே வந்து, முதலிபாளையத்தில் அவர் சேர்ந்த அதே பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர் ஆகிவிட்டார். ரேஷன் கடையிலும் கரண்ட் ஆபீசிலும் ஜெபக்குமாருக்காக வரிசையில் நிற்பது அவருடைய ஞாயிற்றுக்கிழமை வேலை.

"பஸ் ஸ்டாண்டுல என் மொபெட் நின்னுபோச்சு மாப்ள. இந்தப் பிள்ளையதான் டையோட வந்து தள்ளிவிட்டுது. இயேசு சாமின்னு சொன்னாவளா, ஒங்க ஆளுவதானேன்னு கூட்டியாந்தேன்," என்ற சுடலை, ஆறின டீ இரண்டையும் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"எந்த டயோசிசு, எந்தச் சபை?" என்று ஜெபக்குமார் விசாரணையை ஆரம்பித்தார்.

"பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபைங்க. வெளியில மார்மன்னு சொல்லுவாங்க," என்றான் பிரசாத்.

"எல்டர்னா?"

"மூப்பர்."

"ஒனக்கு என்ன வயசு?"

"இருபதுங்க."

ஜெபக்குமாருக்கு வயது ஐம்பது. சபைக் கமிட்டியில் எட்டு வருஷமாக இருக்கிறார். பண்டிகைக்குப் பந்தல் போடுவதிலிருந்து பாட்டுப் புத்தகத்துக்கு அட்டை போடுவதுவரை எல்லாம் அவர்தான். இன்றுவரை ஒருத்தன் அவரை மூப்பர் என்று சொன்னதில்லை. மீசை சரியாக முளைக்காத பயல் வில்லையிலேயே குத்திக்கொண்டு வந்திருக்கிறான்!

அப்போதுதான் ஓல்சன் பையிலிருந்து நீல அட்டைப் புத்தகம் ஒன்றை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினான். வேதாகமத்தோடு இதுவும் தங்களுக்கு வேதம் என்றான்.

"வேதத்துக்கு மேல இன்னொரு வேதமா?" ஜெபக்குமார் எழுந்து நின்றார். "ஏலே, ஆண்டவர் சொல்ல மறந்துபோயி, பின்னால சீட்டு எழுதி அனுப்புனாரா?"

ஓல்சன் விளக்கம் சொல்ல வாயெடுத்தான். ஜெபக்குமார் விடவில்லை.

"அடுத்த ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு வாங்கலே! வேதத்த கையில வச்சு ஒங்கள உண்டு இல்லன்னு ஆக்குதேன்!"

திட்டுகிறார் என்று ஊரில் எவனுக்கும் புரிந்திருக்கும். ஓல்சன் டைரியை எடுத்தான். தேதியையும் நேரத்தையும் குறித்துக்கொண்டான். முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து ஜெபக்குமாரின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"மிக்க நன்றி, சகோதரரே. எங்களை யாரும் இவ்வளவு சீக்கிரம் மறுபடி அழைத்ததில்லை."

ஜெபக்குமார் இத்தனை கொதித்ததற்குக் காரணம் இருந்தது. அன்று காலையில்தான் கோயிலில் அவருடைய மகள் ஆஷாவின் கல்யாண ஓலையை முதல் தடவை வாசித்திருந்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை சொல்கிறவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு சபைக்கு முன்னால் வாசிக்க வேண்டும். மூன்றும் முடிந்தால்தான் தாலி. மாப்பிள்ளை வீடு சாத்தான்குளம் பக்கம், மூன்று தலைமுறையாக உபதேசியார் குடும்பம். ஒரு சொல் பொறுக்க மாட்டார்கள். போதாததற்கு மாப்பிள்ளையின் தாய்மாமன் காதர்பேட்டையில் பட்டன் கடை வைத்துக்கொண்டு, அதே கோயிலில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். இந்த நேரத்தில் கறுப்பு வில்லைக்காரன்கள் வீட்டில் வந்து உட்கார்ந்தால் வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அடுத்த ஞாயிறு காலை இரண்டாவது ஓலை வாசித்தாயிற்று. மதியம் இரண்டே முக்காலுக்கெல்லாம் ஜெபக்குமார் குடியிருந்த வேலாத்தாள் காம்பவுண்டின் வாசலில் ஜமுக்காளம் விரித்திருந்தது. எட்டு வீடுகளுக்கும் சொந்தக்காரி வேலாத்தாள், அறுபது வயது, தன் வீட்டு நாற்காலிகளையும் கொண்டுவந்து போட்டிருந்தாள்.

"எதுக்குக்கா இதெல்லாம்?" என்று ஜெபக்குமார் பல்லைக் கடித்தார். "நான் அவன்வள வெரட்டத்தான் வரச்சொன்னேன்."

"வெரட்டறதுன்னாலும் உக்கார வெச்சு வெரட்டுங் தம்பி. என்ற ஊட்டு வாசலுக்கு வந்தவங்க நின்னுட்டிருந்தா எனக்குத்தானுங்க கேவலம்."

கரண்ட் வேறு இல்லை. வீட்டுக்குள் புழுங்கியது. காம்பவுண்டு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. கிரேனாப் எலுமிச்சம்பழச் சாறு கலந்து வைத்தாள். அதை எல்டர்கள் இரண்டு டம்ளர் குடித்தார்கள். கட்டின பெண்டாட்டியே எதிரிக்கு உபசாரம் பண்ணுகிறாளே என்று ஜெபக்குமாருக்கு ஆத்திரமாக வந்தது.

"மொதல்ல இதச் சொல்லு. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி. மூணா, ஒண்ணா?"

"நோக்கத்தில் ஒன்று. ஆள் மூன்று பேர்," என்றான் ஓல்சன். "பிதாவுக்கும் நம்மைப் போலச் சரீரம் உண்டு என்று நம்புகிறோம்."

"ஏலே! மூணும் ஒண்ணுன்னு நாங்க சின்னப் பிள்ளையிலயே படிச்சாச்சு! எப்படின்னு கேட்டா ஐயருக்கே சொல்லத் தெரியாது. ஆனா ஒண்ணுதான்!"

தெற்கத்திக் கிறிஸ்தவர்களுக்குப் போதகர் என்றால் ஐயர்தான். அந்த ஐயருக்கே தெரியாது என்று எட்டு வீட்டுக்கு முன்னால் சொல்லிவிட்டதை ஜெபக்குமார் கவனிக்கவில்லை. முன்வரிசைப் பெண்கள் கவனித்தார்கள்.

"குடும்பமும் அப்படித்தானுங்க," என்று பிரசாத் மெதுவாகத் தொடங்கினான். "எங்க ஆலயத்துல முத்திரிக்கப்பட்ட கல்யாணம் மரணத்தோட முடியாது. புருஷனும் மனைவியும் என்றென்றைக்கும் சேர்ந்திருப்பாங்க."

கிரேனாப் சாறு ஊற்றுவதை நிறுத்தினாள். "என்றென்றைக்கும்னா, இதே ஆளா?"

"ஆமாங்க, சகோதரி."

"மாத்திக் கீத்தித் தரமாட்டாவளா?"

ஜமுக்காளம் முழுக்கச் சிரித்தது. ஜெபக்குமாரின் காது சிவந்தது.

"நம்ம கலியாணத்துல ஐயரு என்னட்டி சொன்னாவ? மரணம் பிரிக்கும்வரை! அதோட முடிஞ்சுது!"

"அது ஒண்ணுதான் இத்தன வருசமா எனக்கு ஆறுதலு," என்றாள் கிரேனாப்.

வேலாத்தாள் மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முன்னால் நகர்ந்தாள்.

"ஏங்கண்ணு, என்ற ஊட்டுக்காரரு செத்துப் பதினோரு வருசமாச்சு. எந்தக் கோயலுக்கும் போகாத மனுசன். அவருக்கெல்லாம் என்னுங்க கதி?"

"அவருக்கும் வழி உண்டு, அம்மா," என்றான் ஓல்சன். "உயிரோடு இருக்கும் ஒருவர் அவர் பெயரில், அவருக்காக, ஞானஸ்நானம் பெறலாம். அதை ஏற்றுக்கொள்வதும் மறுப்பதும் அங்கே அவர் விருப்பம்."

"அவருக்குக் குளிக்கறதுன்னாவே ஆகாதுங். வேற ஆளு முழுகறதுன்னா அவருக்குத் தோதுதான்."

இந்த இடத்தில்தான் ஜெபக்குமாருக்கு வெறி பிடித்தது. மூன்று கடவுளைக்கூடப் பொறுத்தவர் இதைப் பொறுக்கவில்லை.

அவருக்கு வாய்த்த வேலை அப்படி. கம்பெனியில் அவர் செக்கிங் இன்சார்ஜ். ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுப் பையர், இதேபோல் இருக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிய அப்ரூவல் சாம்பிளை மேசைக்கு இடப்பக்கம் மாட்டிவைப்பார். மெஷினிலிருந்து வருகிற பல்க் பீஸ்களை வலப்பக்கம் வைத்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார். காலர் கால் இஞ்ச் தள்ளினாலும் ரிஜெக்ட். அதைவிட அவருக்குப் பிடிக்காதது ஆள் மாறாட்டம். வராதவனுடைய அட்டெண்டன்ஸ் கார்டை வந்தவன் பஞ்ச் பண்ணினால் அவரிடம் மன்னிப்பே கிடையாது. போன வருஷம் எவனோ ஒருவனுக்குப் பிள்ளை பிறந்த நாளில் சுடலை இரக்கப்பட்டு அவன் கார்டைப் பஞ்ச் பண்ணிவிட, சொந்த அத்தை மகன் என்றும் பாராமல் மூன்று நாள் சஸ்பெண்ட் வாங்கிக் கொடுத்தவர் ஜெபக்குமார்.

"ஒருத்தனுக்குப் பதிலா இன்னொருத்தன் ஞானஸ்நானம் எடுக்குறதா? கம்பெனிக் கார்டுலயே நான் இத விடமாட்டேன். மோட்சத்துக் கார்டுலயா விடுவேன்?"

"வர விரும்பியும் வர முடியாமல் போனவர்களுக்காக, சகோதரரே," என்றான் ஓல்சன். அவன் குரல் கொஞ்சமும் உயரவில்லை. அதுதான் ஜெபக்குமாரை இன்னும் எரித்தது.

"வரமுடியாதவன் வரலன்னுதான் எழுதணும்! வந்தான்னு எழுதப்படாது! தண்ணி எவன் தலையில விழுந்துச்சோ அவனுக்குத்தான் ஞானஸ்நானம்!"

சுவரோரம் குத்தவைத்திருந்த சுடலை தலையைச் சொறிந்தார். "மாப்ள, அதுல என்னன்னா..."

"நீரு சும்மா கெடயும் அத்தான். கார்டு பஞ்ச் பண்ணி மாட்டுன ஆளு நீரு. ஒமக்கு இதுல என்ன தெரியும்?"

சுடலை சும்மா கிடந்தார்.

எல்டர்கள் ஐந்து மணிக்கு எழுந்தபோது, அடுத்த வாரம் தன் வீட்டுத் தின்பண்டத்தோடு உட்காரலாம் என்று வேலாத்தாள் சொல்லிவிட்டாள். விரட்டக் கூப்பிட்ட கூட்டம் வாராந்திரக் கூட்டம் ஆகிவிட்டது.

அன்று சாயங்காலமே ஜெபக்குமார் பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். வாயால் சொன்னால் இந்த ஜனங்களுக்கு ஏறாது. எழுத்தில் அடிக்க வேண்டும். தனக்குத் தெரிந்த ஒரே வடிவத்தில் எழுதினார். நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் 'சாம்பிள் - நம் சபை.' வலப்பக்கம் 'பல்க் - மார்மன்.' ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டு, கடைசியில் சிவப்பு மையில் 'ரிஜெக்ட்.' பொய் எழுதக்கூடாது என்பதில் மட்டும் கண்டிப்பாக இருந்தார். இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டில் அவர் ஒருநாளும் பொய் எழுதியதில்லை.

மரித்தபின் குடும்பமாகச் சேர்ந்திருத்தல்: இடப்பக்கம் 'வாக்களிப்பதில்லை', வலப்பக்கம் 'உண்டு'. மரித்தவர்களுக்கு ஞானஸ்நானம்: 'இல்லை', 'உண்டு'. குழந்தைக்கு ஞானஸ்நானம்: 'உண்டு', 'இல்லை, எட்டு வயதுக்குமேல்'. ஊழியருக்குச் சம்பளம்: 'உண்டு', 'சபையில் இல்லை'. சாராயம், பீடி, டீ, காப்பி: 'அவரவர் மனசாட்சி', 'கண்டிப்பாகத் தடை'. பரலோகம்: 'ஒன்று', 'மூன்று'.

கீழே, குழப்பம் உள்ளவர்கள் தன்னிடமே வந்து தெளிவு பெறட்டும் என்று, 'மேலும் விவரங்களுக்கு: ஜெபக்குமார், வீட்டு எண் நான்கு, வேலாத்தாள் காம்பவுண்டு' என்று எழுதினார். இருநூறு பிரதி ஜெராக்ஸ் எடுத்தார். சிவப்பு மை ஜெராக்ஸில் சாம்பலாகி, 'ரிஜெக்ட்' இருந்த இடத்தில் ஏதோ கறை படிந்ததுபோல இருந்தது. புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் நூறு, காம்பவுண்டிலும் சுற்றுவட்டாரத்திலும் நூறு என்று தீர்த்துவிட்டு வந்தார். அன்று அவருக்கு நல்ல தூக்கம்.

வியாழன் காலை ஆறு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. ஆறாம் நம்பர் வீட்டு ராமாயி நின்றாள், கையில் தாள். பின்னால் அவள் புருஷன் நல்லான், சட்டைக் காலரைப் பெண்டாட்டியிடம் கொடுத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றான்.

"ஏனுங்ணா, இதுல சாராயம் கண்டிப்பாத் தடைன்னு போட்டிருக்குதுங்களே, நெசங்களா?"

"நெசந்தாம்மா, ஆனா அது வலப்பக்கம்..."

"எந்தப் பக்கமா இருந்தா என்னுங்? இவர அந்தப் பக்கம் சேத்துடுங்க. இப்பவே சேத்துடுங்."

ஏழு மணிக்குள் இன்னும் நாலு பெண்கள், நாலு புருஷன்மார்கள். வேலாத்தாள் தன் வீட்டுக்காரரின் பெயரையும் இறந்த தேதியையும் எழுதிக்கொண்டு வந்து நீட்டினாள். ஜெபக்கூட்டத்துக்கு வந்த ஒரு கிழவர் செல்போனில் கூப்பிட்டு, சம்பளமில்லாத ஊழியர் என்றால் காணிக்கை எதற்கு என்று கேட்டார். ஜெபக்குமார் தலையில் கை வைத்தார். இருநூறு தாளிலும் இடப்பக்கம் ஜனங்களுக்கு வேண்டியதெல்லாம் இல்லை, வலப்பக்கம் எல்லாம் உண்டு!

கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, கொடுத்த தாளைத் திரும்ப வாங்கப் புறப்பட்டார். கெஞ்சினார், பிடுங்கினார், ஒரு வீட்டில் அடுப்படிவரை போய்விட்டார். இவ்வளவு அவசரமாகப் பிடுங்குகிறார் என்றால் ஏதோ விஷயம் இருக்கிறது என்று ஜனங்கள் தாளை அரிசிப் பானைக்குள் ஒளித்தார்கள். இல்லாதவர்கள் இருப்பவர்களிடம் வாங்கி மறுபடி ஜெராக்ஸ் எடுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை எல்டர்கள் இருவரும் நேரில் வந்தார்கள். பிரசாத்தின் கையில் அதே தாள்.

"ரொம்ப நேர்மையா எழுதியிருக்கீங்க சார். எங்க போதனையை இவ்வளவு சுருக்கமா நாங்களே எழுதினதில்ல. இதுல ஐம்பது காப்பி எடுத்துக்கலாமா?"

ஜெபக்குமார் செருப்பை எடுத்தார். கிரேனாப்பும் அங்கே இருந்த சுடலையும் ஆளுக்கொரு பக்கம் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். ஓல்சன் மன்னிப்புக் கேட்டுவிட்டு, போகிறபோது வாசலில் விழுந்துகிடந்த சைக்கிளை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனான். அந்த நல்ல குணத்தைத்தான் ஜெபக்குமாரால் தாங்கவே முடியவில்லை. கெட்டவனாக இருந்தால் ஒரு வழி பண்ணியிருக்கலாம்.

ஞாயிறு வந்தது. மூன்றாவது ஓலை. போதகர் ஓலைகளை எடுத்தார். ஒரு ஜோடி வாசித்தார். இன்னொரு ஜோடி வாசித்தார். தாளை மடித்து வைத்துவிட்டுப் பாட்டு நம்பர் சொன்னார்.

ஆஷாவின் பெயர் வரவில்லை.

பெண்கள் பக்கத்தில் ஆஷா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்ததை ஜெபக்குமார் பார்த்தார். பத்திரிகை அடித்துக் கொடுத்தாயிற்று. புதன்கிழமை ஊருக்குப் போக வேன் சொல்லியாயிற்று. இவ்வளவும் டீ குடிக்காத இரண்டு பயல்களால்!

ஆராதனை முடிந்ததும் பின்னறையில் கமிட்டி கூடியது. மாப்பிள்ளையின் தாய்மாமன் மேசைமேல் தாளைப் போட்டார்.

"இது ஒம்ம கையெழுத்து தானவே? வீட்டு விலாசத்தோட மார்மனுக்கு ஆளு சேக்கீரு. இந்த வீட்டுல பொண்ணெடுத்தா நாளைக்கி எங்க அக்கா மவனயும் தொட்டித் தண்ணியில முக்குவீரு!"

"ரிஜெக்ட்னு போட்டிருக்கேன்வே! நல்லாப் பாரும்!"

"எங்க போட்டிருக்கு? கறைதான் இருக்கு."

போதகர் கையமர்த்தினார். சாந்தமான மனிதர். ஆனால் காணிக்கை பற்றிய கேள்வி அவருக்கும் போன் மூலம் வந்திருந்தது.

"ஜெபக்குமார், மார்மன் சபையில சேர நம்ம ஞானஸ்நானம் செல்லாது, அவங்ககிட்ட புதுசா எடுக்கணும். நீங்க எடுத்துட்டீங்கன்னு வெளியில பேச்சிருக்கு. உண்மையைச் சொல்லுங்க. சந்தேகம் தீர்ந்தா இந்த இடத்திலேயே சபையைத் திரும்பக் கூட்டி மூணாவது ஓலையை வாசிச்சிடறேன்."

"நானா? நானா எடுப்பேன்?" ஜெபக்குமாரின் குரலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அழுகை வருகிற அளவுக்கு ஆத்திரம். அவரைக் கூட்டிப்போக மொபெட்டோடு வந்து வாசலில் நின்ற சுடலையைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். "இந்தா நிக்காரு சாட்சி! அவன்வள கூட்டியாந்தது இவரு. நான் செருப்ப எடுத்து வெரட்டுனத இவரக் கேளுங்க!"

"உள்ளதுதான். செருப்ப எடுத்தான்," என்றார் சுடலை.

"எனக்கு ஒரே ஒரு ஞானஸ்நானம்தான் ஐயரே! மூணு வயசுல எங்க ஊருக் கோயில்ல, எங்கப்பா கிறிஸ்தவரான அன்னைக்கே எடுத்தது!" லேமினேட் செய்த பழைய சர்டிபிகேட்டைப் பையிலிருந்து உருவி மேசைமேல் அறைந்தார். பெயர், தேதி, அந்தக் காலத்து ஐயரின் கையெழுத்து, எல்லாம் சுத்தமாக இருந்தது. "ஆளுக்குப் பதில் ஆளு நின்னு முழுகுறதாம்! அத ஏத்துக்கிட்டவன் எவனும் கிறிஸ்தவனே கெடையாது! அவன் கமிட்டியில இருக்கப்படாது! அவன் வீட்டு ஓலைய இந்தக் கோயில்ல வாசிக்கவே கூடாது! இத நானே சொல்லுதேன், மினிட் புக்குல எழுதிக்கிடுங்க!"

செக்ரட்டரி எழுதிக்கொண்டார். தாய்மாமனின் முகம் கொஞ்சம் இளகியது. இப்படிக் கத்துகிறவன் வேறு சபைக்குப் போயிருக்க மாட்டான் என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும். போதகர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சர்டிபிகேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓலைத் தாளை எடுக்கக் கை நீட்டினார். பிறகு, மினிட் புக்கில் ஒரு சாட்சியின் வார்த்தையும் இருந்துவிட்டால் நாளைக்கு யாரும் வாய் திறக்க முடியாது என்று தோன்றியதோ என்னவோ, சுடலையின் பக்கம் திரும்பினார்.

"நீங்க இவருக்கு மூத்தவர், சொந்தக்காரர். இந்த ஞானஸ்நானம் நடந்தது உங்களுக்கு நேரடியாத் தெரியுமா?"

ஜெபக்குமார் நெஞ்சை நிமிர்த்தி, "சொல்லும் அத்தான், சும்மா பயப்படாமச் சொல்லும்," என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சும்மா கிடந்த சுடலை, தன்னையும் ஒருவர் மதித்துக் கேட்ட சந்தோஷத்தில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"தெரியாம என்னய்யா, அன்னைக்கி இவனுக்கு அம்மை போட்டுப் பாயில கெடந்தான், ஐயரு வருசத்துக்கு ஒருக்கதான் வருவாவ, பேரும் எழுதியாச்சுன்னு மாமா இவன் சட்டைய எனக்கு மாட்டிவிட்டுக் கூட்டிட்டுப் போனாரு, தண்ணி பூரா என் தலையிலதான ஊத்துனாவ!"